ஈரம் போதும்

வீட்டில் அவருக்குப் பெயர் விஞ்ஞானி. வைத்தது மனைவி. அதிலிருந்த கேலி மட்டும் அவர் காதில் ஏறவேயில்லை.

மொட்டை மாடியில் அவள் வளர்த்த தக்காளி நாற்றுகள் மதிய வெயிலில் துவண்டு கிடந்தன. சாயங்காலம் வாங்க ஆள் வருகிறது. பூவாளியை யாரும் தொடக்கூடாது என்பது விஞ்ஞானியின் உத்தரவு. மண்ணின் ஈரம் பார்த்து மோட்டாரைப் போட, மாடி அறையில் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டியிருந்தார். மோட்டாரோ காலையிலிருந்து மூச்சுவிடவில்லை.

"என்னங்க, நானே ஊத்திடட்டுமா?"

"பொறு. நோயாளி வாயைத் திறந்தாத்தான் வைத்தியம்."

"நோயாளி வெளியில வாடுது. நீங்க டாக்டருக்கு நாடி பிடிக்கறீங்க."

குட்டிக் கம்ப்யூட்டர் சொல்வதைத் திரையில் படிக்க, அதையும் லேப்டாப்பையும் சீரியல் கேபிள் என்ற கம்பியால் இணைத்தார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டம் ஒன்று இமைத்தது. அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் செருகியது. திரைக்குள் நீண்ட தெரு. இருபுறமும் அவரைப் போலவே மூக்குக் கண்ணாடிக்காரர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சொற்பொழிவாற்றினார்கள். ஒருவருக்கும் காது இல்லை.

திடுக்கிட்டு விழித்தார். பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடே சேர்த்திருந்தார்! கேட்கும் முனைக்கு மாற்றிக் குத்தினார். கோணல்மாணல் எழுத்துகள் கொட்டின. "ஆகா, ரகசிய மொழி!" என்று மீசையைத் தடவி வெகுநேரம் ரசித்த பிறகுதான், இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் பேசுவது உறைத்தது. வேகத்தைச் சரிசெய்தார். கலங்கிய குளம் தெளிவதுபோல் வரிகள் வந்தன.

ஈரம் போதும். ஈரம் போதும். ஈரம் போதும்.

எங்கே ஈரம்? ஈரம் பார்க்கும் கருவியின் ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்தார். அது செடித் தொட்டிக்குப் போகவில்லை. ஜன்னல் விளிம்பில், தண்ணீர் நிறைந்த டம்ளருக்குள் இறங்கியிருந்தது. நேற்று மச்சினனுக்கு முன்னால், "துல்லியம்னா இதுதான், பார்!" என்று அவரே முக்கிக் காட்டியது.

"என்ன சொல்லுது?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது வந்து... கட்டமைப்புல ஒரு..." திரை மறுபடி சொன்னது: ஈரம் போதும். அவர் குரல் இறங்கியது. "நான்தான் எடுக்க மறந்துட்டேன். பூவாளி எங்கே?"

"கதவுக்குப் பின்னாடி. நீங்க ஒளிச்சு வச்ச இடத்துலதான்."

டம்ளர் தண்ணீரை முதல் தொட்டியில் கவிழ்த்தார். கருவியை மண்ணில் குத்தினார். பிறகு பூவாளியும் கையுமாக வரிசை வரிசையாக நடந்தார். வெயில் சாயச் சாய, நாற்றுகள் தூக்கம் கலைந்தவைபோல் ஒவ்வொன்றாய்த் தலை தூக்கின. கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

ஆளில்லாத அறையில் திரை அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது நிஜம்.