கிளாவெல் தியேட்டரை இடித்த கையெழுத்து

நூபியா அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ துக்கம் கேட்க வந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தாள். நகராட்சி வண்டி. இரண்டு ஆட்கள் ஆளுயர மலர்வளையம் ஒன்றைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார் கேட்டா இதை?"

"ஐயா பின்னாலயே வர்றாரும்மா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் ஒருவன்.

முந்தின நாள் சாயங்காலம் அப்பா எவுஸ்தோர்ஹியோ இறந்துபோனார். எழுபத்தெட்டு வயது. நூபியா நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தாள். வெயில் ஏறி, காப்பி இரண்டு முறை சூடாக்கியாயிற்று. உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். அவள் கணவன் ஆர்ஹெமீரோ. இன்னொருத்தி, காலையிலேயே வந்து கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து, இதுவரை வாய் திறக்காத பெத்ஸபே. கிளாவெல் தியேட்டரில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்தவள். அவளுக்கும் எழுபது தாண்டிவிட்டது. மிச்சம் முப்பத்தெட்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

இந்தத் தெருவில் அப்பா ஓசியில் தியேட்டருக்குள் விடாத வீடு எது?

லெபனானிலிருந்து துணி விற்க வந்த எலியாஸ் கட்டிய தியேட்டர் அது. பின்பாதிக்குத்தான் தகரக் கூரை. முன்பாதி வானம் பார்த்த பெஞ்சுகள். சுண்ணாம்பு அடித்த சுவர்தான் திரை. மழை பிடித்தால் பெஞ்சு டிக்கெட்காரர்கள் தடுப்பைத் தாண்டிப் பின்னால் ஓடுவார்கள். எலியாஸ் படத்தையும் நிறுத்தமாட்டார், ஆட்களையும் தடுக்கமாட்டார். எதிர் மாமரத்தில் ஏறி ஓசியில் பார்த்தவர்களுக்கும் இடைவேளையில் கடலை விற்க ஆள் அனுப்புவார். ஒரு வருடம் வெள்ளம் வந்து கீழ்த்தெரு முழுவதையும் ஆற்றுக்கு அடித்துப் போனபோது, பத்தொன்பது குடும்பங்கள் இரண்டு மாதம் அந்த பெஞ்சுகளில்தான் படுத்தன. துறைமுகத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியதும் அங்கேதான். முப்பத்தோரு வருடம் ஆபரேட்டர் எவுஸ்தோர்ஹியோ.

எலியாஸ் போனபின் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். தியேட்டர் மூடியது. சாவி அப்பாவிடம். சம்பளம் இல்லாமலே வாரா வாரம் கூட்டிப் பெருக்கினார். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூலகமாக்கித் தரவேண்டும் என்று தெருவே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தது. விசாரணைக்கு நாளும் குறித்தார்கள். அந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஊர் மொத்தமும் பூசையில் இருந்த நேரத்தில், பொக்லைன் வந்தது.

சுவர்கள் எந்த நேரமும் விழும் நிலையில் இருப்பதாகக் காவலாளியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பத்திரிகையில் வந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. தானாக விழப்போகிற அந்தச் சுவர்களை இடிக்கப் பொக்லைனுக்கு மூன்று நாள் ஆயிற்று. இப்போது அங்கே பெரிய கடை ஒன்றுக்குக் கார் நிறுத்துமிடம்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பெயரை வரையத் தெரியும், அவ்வளவுதான். தகரம் மாற்ற அனுமதி என்று சொன்னார்கள், போட்டேன் என்றார். யார் நம்பினார்கள்? கதவில் 'விற்றவன்' என்று எழுதினார்கள். முடிவெட்டுகிறவன் வேறு கடை பார்க்கச் சொன்னான். பதினோரு வருடம் அந்த மனிதர் தெருவில் தலை குனிந்தே நடந்தார். "யாருப்பா உனக்கு அதைப் படிச்சுக் காட்டுனது?" என்று நூபியா கேட்காத நாள் இல்லை. "எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பெர்தோமோ உள்ளே வந்தார். அன்று கவுன்சிலர், இன்று துணை மேயர். கூடவே காமிராவோடு ஒருவன்.

"உங்கப்பா கிளாவெலோட உயிர்மா. அந்த வாசல்ல ஒரு கல்வெட்டு வைக்கப்போறோம், அவர் பேர் போட்டு. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

"எந்த வாசல்ல? வாசல் எங்கய்யா இருக்கு?"

"கார் உள்ள போற இடத்துல."

"யார் இடிச்சாங்கன்னு அதுல எழுதுவீங்களா?"

பெர்தோமோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கட்டடம் மோசமா இருந்துச்சும்மா. நானா சொன்னேன்? உங்கப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரே."

"படிச்சது நான்."

மூலையிலிருந்து வந்தது குரல். பெத்ஸபே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நீங்கதானே காகிதத்தை என் கையில கொடுத்தீங்க, பெர்தோமோ ஐயா? இடிக்கிறதுன்னு இருக்கிற இடத்துல கூரை மாத்துறதுன்னு படி, உன் மகனுக்கு வேலை போட்டுத் தர்றேன்னீங்க. நான் படிச்சேன். அவர் போட்டார்."

காமிராக்காரன் காமிராவைத் தாழ்த்தினான்.

"சாவு வீட்டுல பேசற பேச்சா இது?" என்றார் பெர்தோமோ, யாரையும் பார்க்காமல்.

"வேற எந்த வீட்டுல பேசணும்?" என்றாள் நூபியா. "உங்க வளையத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. அப்பா பக்கத்துல அது இருக்கக்கூடாது."

வளையத்தோடு வண்டி கிளம்பிய பிறகு நூபியா பெத்ஸபேயின் பக்கம் திரும்பினாள். ஆர்ஹெமீரோ குறுக்கே வரப் பார்த்தான். அவள் முறைத்ததில் நின்றுவிட்டான்.

"பதினோரு வருஷம், அக்கா. எங்க வீட்டுல சோறு தின்னிருக்கீங்க. அப்பா இது தெரியாமலே போயிட்டாரே."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொக்லைன் வந்த அன்னிக்கே புரிஞ்சிடுச்சு அவருக்கு. நேரா என் வீட்டுக்கு வந்தார். அடிக்கப் போறார்னு நெனச்சேன். பையனுக்கு வேலை கிடைச்சுதான்னு கேட்டார். கிடைச்சுதுன்னேன். சரின்னுட்டுப் போயிட்டார். அப்புறம் அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல."

நூபியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர்மேலும் கோபம் வந்தது. தன்னிடம்கூடச் சொல்லவில்லையே. அழுதால் கோபம் தீர்ந்துபோகும் என்று தெரிந்தே அழாமல் நின்றாள்.

"நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றாள். "இங்க சொன்னது போதாது. ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுங்க."

பெத்ஸபே தலையசைத்தாள். வீங்கிய கால்களைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கினாள்.

நூபியா வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வீட்டுக் கதவு திறந்தது, வெகுநேரம் கழித்து மூடியது. இரண்டாவது வீட்டில் யாரோ கத்தினார்கள். மூன்றாவது வீட்டுக்காரன் சாப்பிட்ட கையோடு வெளியே வந்து, இந்த வீட்டைப் பார்த்து அப்படியே நின்றான். ஐந்தாவது வீட்டைத் தாண்டியதும் பெத்ஸபே சுவரில் கையூன்றி நின்றுவிட்டாள். சுவர் சுட்டிருக்க வேண்டும். கையை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

நூபியா கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கிழவியின் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். தான் வெயிலிலேயே நின்றாள்.

ஆறாவது கதவு. முடிவெட்டுகிறவன் திறந்தான்.

"அந்தக் காகித விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தாள் பெத்ஸபே.

"தானா நடந்துபோகல" என்றாள் நூபியா. "சரியாச் சொல்லுங்க."

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெத்ஸபே உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நூபியா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.