அண்ணனின் ரிசல்ட்

நதியாவின் உதட்டுக்குள் இரண்டு புண்கள். கண்கள் சிவந்திருந்தன, கழுத்தெல்லாம் தடிப்பு. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றாள்.

"புதுசா மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். இசக்கிமுத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆறு மாதமாக வலிப்புக்கு என்னிடம் வருகிறவன்.

"என் மாத்திரைதான் டாக்டரம்மா. போன மாசம் கம்பெனி செக்கிங் டேபிள்லயே இவளுக்கும் வலிப்பு வந்துட்டு. பொண்ணு பாக்க வார நேரம், வெளிய தெரியக் கூடாதுல்லா. மூணு வாரமா நானே குடுக்கேன்."

"யாருங்க குடுக்கச் சொன்னது?"

"டெஸ்ட்டு எடுத்து, இது ஒத்துக்கிடும்னு நீங்கதான சொன்னிய."

"கம்பெனியில அண்ணன் ஆளுக்கு ஒரு சைஸ் வெட்டுதான்," என்றாள் நதியா. "மாத்திரைய மட்டும் எல்லாத்துக்கும் ஒரே சைஸுன்னுட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவர்களுக்கான மரபணு வகுப்பை ஓராண்டு, ஞாயிறுதோறும் இணையத்தில் படித்தேன். சான்றிதழ் வந்த வாரம்தான் இசக்கிமுத்து வந்தான். இந்த மாத்திரை சிலருக்குத் தோலையே உரித்துவிடும். அந்த ஆபத்து இருக்கிறதா என்று ரத்தத்தில் முன்பே பார்க்கலாம். புதிதாகப் படித்த ஆர்வத்தில் அவன் குடும்பத்தைத் தாளில் வரைந்தேன். அம்மாவுக்கு வட்டம், அவனுக்குச் சதுரம், தங்கைக்கு வட்டம். "இந்த ஆபத்து குடும்பத்துல வர்றதுங்க" என்றேன். பரிசோதனையில் ஆபத்து இல்லை என்று வந்ததும் "பயமில்லீங்க" என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

அண்ணனுக்கு இல்லாதது தங்கைக்கு இருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வகுப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தது அது.

"மாத்திரையை நிறுத்திடணும். இப்பவே கோயம்புத்தூர் போகோணும்."

"நாளைக்கு ஷிப்மெண்ட்டு இருக்கு டாக்டரம்மா..."

"இப்பவேங்க."

அவன் முகம் மாறியது. "நான் தப்பு பண்ணிட்டனா?"

"இல்லீங்க. சொல்ல வேண்டியதை நான் சொல்லலை."

பெரிய மருத்துவமனைக்கான கடிதத்தில் மாத்திரையின் பெயரையும் நாட்களையும் எழுதினேன். கீழே, அண்ணனின் ரிசல்ட்டை நம்பித் தங்கைக்குக் கொடுத்தார்கள், விளக்கத் தவறியது நான் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"பயப்படணுமா டாக்டரம்மா?" என்றாள் நதியா.

"ஆமா கண்ணு."

வெளியே பதினோரு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸிடம் சொல்லிவிட்டு நானே காரை எடுத்தேன். அவிநாசி தாண்டியதும் நதியா தண்ணீர் கேட்டாள். இசக்கிமுத்து பாட்டிலைத் திறந்து கொடுத்தான். ஒரு வாய் குடித்தாள். அதை விழுங்க முடியாமல், பின்சீட்டிலிருந்து கண்ணாடி வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.