சிவப்புத் தடிப் பாதை

சைக்கிளோட்டத்தில் ஆட்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் வேலை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் கொடுக்கக்கூடாத வேலை. எனக்குக் கொடுத்தார்கள். நான் அதை விருப்பத்தோடு செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணற்காட்டுப் பக்கத்துச் சவுக்கங்காட்டில் ஜெனிஸ்ரன் மூன்று பாதைகள் வெட்டுவித்தான். குருநகரில் பிறந்து, ஒன்பது வயதில் நோர்வேக்குப் போய், முப்பத்தைந்து வயதில் இருபது மலைச் சைக்கிள்களோடு திரும்பி வந்தவன் அவன். குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களிடம் அவன் கோபிக்கவில்லை. கூட்டிப்போய் மணல்மேட்டைக் காட்டினான். பச்சைப் பாதை புதிதாக ஓடுபவர்களுக்கு. காட்டின் ஓரமாகத் தட்டையாகப் போய்த் திரும்பி வரும். நீலம் நடுத்தரம். வேர்களும் இரண்டு சிறிய இறக்கங்களும் அதில் உண்டு. சிவப்பு கெட்டிக்காரர்களுக்கு. அது மணல்மேட்டில் ஏறி, மறுபக்கம் இருபது அடி செங்குத்தாக இறங்கி, மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து காட்டின் அடுத்த கரையில் வெளிவரும்.

யார் எந்தப் பாதையில் ஓடலாம் என்று பார்த்துப் படிவத்தில் கையெழுத்து வைப்பவன் நான். என் பெயர் வாகீசன். அதற்குமுன் பதினாறு வருடம் அச்சுவேலியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகமில்லை என்று அந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை கடினமானதல்ல. மணலில் ஓடும்போது ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கத் தெரிய வேண்டும். இறக்கத்தில் சீற்றை விட்டு எழுந்து உடம்பைப் பின்னுக்குக் கொடுக்க வேண்டும். முன்பிறேக்கைத் தனியாக அமத்தக்கூடாது. காலை நிலத்தில் ஊன்றினாலோ விழுந்தாலோ பெயில். பிறகு திரும்ப வரலாம். இதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நல்லூரிலிருந்து ஒரு தகப்பன் மகனைக் கூட்டி வந்தார். பெடியன் முன்பிறேக்கை அமத்தி இரண்டு தரம் குப்புற விழுந்தான். பச்சை என்று எழுதிக் கொடுத்தேன். தகப்பன் படிவத்தை என்னிடமே திருப்பி நீட்டி, பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவன் என்றார். அது மணலுக்குத் தெரியாது என்றேன். மனிதர் நேரே ஜெனிஸ்ரனிடம் முறையிடப் போய்விட்டார். அந்த மாதத்தில் மட்டும் அப்படி ஐந்து பேர். பச்சை என்று எழுதினால் குடும்பத்துக்கே அவமானம் என்பதுபோல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்கள்.

இனி என் மனைவி கீர்த்திகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் பதினான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறாள். பெண்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் காட்டுக்குள் கூட்டிச்செல்ல ஒரு பெண் வழிகாட்டி தேவை என்று ஜெனிஸ்ரன் சொன்ன அன்றே அந்த வேலை தனக்கு வேண்டும் என்றாள். ஒரேயொரு நிபந்தனை: சிவப்புப் பாதையில் சித்தியடைந்திருக்க வேண்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் எதையும் அந்தளவுக்கு விரும்பிக் கேட்டதை நான் கண்டதில்லை. இன்னும் ஒரு வருடம் இருபடிச் சமன்பாடு படிப்பித்தால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்றாள். சனி ஞாயிறுகளில் விடியவே எழுந்து வந்து நீலப் பாதையில் ஓடிப் பழகினாள். இரண்டாம் மாதத்தில் என்னைவிட நன்றாக ஓடினாள். அது எனக்குத் தெரிந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

பாதைகளுக்கு வைக்க வேண்டிய பலகைகள் கொழும்பிலிருந்து வரத் தாமதமாகின. அதுவரை நிறம் பூசிய தடிகளை நட்டு விடச் சொல்லி ஜெனிஸ்ரன் சொன்னான். நானும் றொசாந்தியும் சவுக்கந் தடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தலைப்பக்கத்தைப் பெயின்ற் வாளியில் தோய்த்துக் காயவைத்தோம். றொசாந்தி முகமாலைப் பக்கம் பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். அந்த வேலை நின்ற பிறகு ஜெனிஸ்ரனிடம் பாதை வெட்ட வந்து சேர்ந்தவள். பச்சையும் நீலமும் முடித்து, சிவப்பைத் தோய்க்கத் தொடங்கும்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணை, உந்த நிறம் வேண்டாம். வேறை எதையாவது பூசுவம்."

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிவப்புத் தலைத் தடியை யாரும் விளக்கத் தேவையில்லை. அதற்கு அப்பால் கண்ணிவெடி, தாண்டாதே. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் அதை வாசித்தார்கள். றொசாந்தி சொன்னது சரி என்று எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் வந்தது. சரியான ஒன்றை எனக்கு முதல் இன்னொருவர் சொல்லிவிட்டால் எனக்கு வருகிற கோபம் அது. உலகம் முழுக்கச் சிவப்பென்றால் கடினமான பாதை, எங்களுக்காக ஒரு தனிச் சட்டமா என்று கேட்டேன். அவள் திரும்பக் குந்தியிருந்து தடியைத் தோய்த்தாள். வாசலில் நிற்கும் பத்துத் தடிகளை நான் நட்டேன். எனக்கு வேறு வேலை இருந்ததால் மிச்சத்தை அவள் உள்ளே கொண்டுபோய் நட்டாள்.

அந்தக் காட்டுக்குள் கண்ணிவெடி எதுவும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். தடி நடுவதற்கு முதல் நாள்வரை மணற்காட்டுப் பெண்கள் அதற்குள் போய்ச் சவுக்கஞ் சுள்ளி பொறுக்கினார்கள். தடி நட்ட அடுத்த நாள் இரண்டு பெண்கள் வாசல்வரை வந்து, நின்று பார்த்து, ஒரு கதையும் கதைக்காமல் திரும்பிப் போனார்கள்.

சைக்கிளோட்டக்காரர்கள் அப்படித் திரும்பிப் போகவில்லை. அவர்கள் படித்தவர்கள், அதனால் காரணம் வைத்திருந்தார்கள். தடி நடுவதற்கு முதலே, சிவப்பில் ஓடத் தகுதி என்று நான் கையெழுத்து வைத்த ஆறு பேரும் வாசல்வரை வந்தார்கள். ஒருவனுக்குச் செயின் இறுகிக் கிடந்தது. ஒருவனுக்கு அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வந்தது. வங்கியில் வேலை செய்யும் கோபிசங்கர் குனிந்து ரயரை அமத்திப் பார்த்து, காற்றுக் குறைவு என்றான். மணலில் ஓடக் காற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். பயம் என்ற சொல் ஒருவன் வாயிலிருந்தும் வரவில்லை. நான் அவர்களை நன்றாக நக்கலடித்தேன். வீட்டுக்கு வந்தும் கீர்த்திகாவுக்கு அவர்களைப்போல நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு, தன்னை எப்போது சிவப்பில் சோதிக்கப் போகிறேன் என்று கேட்டாள். இரண்டு தரம் தள்ளிப் போட்டிருந்தேன். ஒரு தரம் பிறேக் பிடிக்கும் விதம் போதாது என்றேன். மற்றத் தரம் என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அவள் நல்லூரில், பட்டணப் பக்கம் வளர்ந்தவள். சிவப்புத் தலைத் தடியைப் பாடசாலைச் சுவரொட்டியில் மட்டும் பார்த்தவள்.

"நீங்கள் ஒருக்கா உதிலை ஓடிப்போட்டு வந்து எனக்கு ஏலாதெண்டு சொல்லுங்கோ," என்றாள். "பிறகு நான் கேக்கமாட்டன்."

முழங்கால் நோகிறது என்றேன். உண்மையாகவே நொந்தது. அவள் என் முழங்காலைப் பார்த்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை என்று படிவத்தில் திகதி போட்டேன்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் நான் நின்றேன். பாதை வெளிவரும் அடுத்த கரையில் றொசாந்தி நின்றாள். ஓடி முடிக்க ஏழு நிமிடம் எடுக்கும் என்று கணக்கிட்டிருந்தோம். கோபிசங்கரும் இன்னும் மூன்று பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கீர்த்திகா ஹெல்மெற்றை இறுக்கிக்கொண்டு தடிகளுக்கு நடுவால் உள்ளே போனாள். ஏறும்போது கியரை நேரத்துக்கே குறைத்தாள். மேட்டின் உச்சியில் சீற்றை விட்டு எழுந்து உடம்பைப் பின்னுக்குக் கொடுத்தாள். அந்த நிலையை யாருக்காவது படமாகக் காட்டலாம், அவ்வளவு சரியாக இருந்தது. பிறகு மறுபக்கம் இறங்கி மறைந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

விறகுக் கட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது.

"இஞ்சேரப்பா," என்று அவள் கூப்பிட்டாள். "விழுந்திட்டன். கால் சைக்கிளுக்குக் கீழை. கையைத் தூக்கேலாமக் கிடக்கு."

நான் ஓடினேன். அது உண்மை. முதலாவது சோடித் தடிவரை ஓடினேன். அங்கே என் கால்கள் நின்றுவிட்டன.

என் சொந்த ஊரான எழுதுமட்டுவாளில் எங்கள் காணிக்குள், கிணற்றுக்கும் தென்னைகளுக்கும் நடுவே ஆறு வருடம் அப்படிச் சிவப்புத் தலைத் தடிகள் நின்றன. அந்தப் பக்கம் விழுந்த தேங்காய்கள் விழுந்த இடத்திலேயே முளைத்துக் கன்றாகின. ஒருவரும் போய் எடுக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இங்கே நின்ற தடிகளை வெட்டியவன் நான், தோய்த்தவன் நான், நட்டவன் நான். என் விரல் நகத்தில் அந்தப் பெயின்ற் இன்னும் போகவில்லை. அதெல்லாம் தலைக்குத் தெரிந்தது.

இரண்டாவது தரம் கூப்பிட்டாள். வாறன் என்று கத்தினேன். கோபிசங்கர் எனக்குப் பின்னால் நின்று, அக்கா அசையவேண்டாம் என்று கத்தினான். இன்னொருவன் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தான். அம்புலன்ஸ் எந்த வழியால் வர வேண்டும் என்று நான் அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். தேவைக்கு மேலாகவே விளக்கமாகச் சொன்னேன். மூன்றாவது தரம் அவள் கூப்பிட்டபோது குரல் மெலிந்திருந்தது. என் கையில் நேரம் பார்க்கும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

றொசாந்தி மறுகரையிலிருந்து மரங்களுக்குள்ளால் குறுக்கே விழுந்து ஓடி வந்ததாகப் பிறகு சொன்னாள். நான் பார்க்கும்போது அவள் மேட்டின் உச்சியில் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் நிற்கும் இடத்தையும் என் காலடியில் நிற்கும் தடியையும் பார்த்தாள்.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லை அண்ணை. வாங்கோ. நான் தனியத் தூக்கேலாது."

போனேன். எப்படிப் போனேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கீர்த்திகாவின் ரயர் போன தடம் மணலில் தெரிந்தது. அந்தத் தடத்தின்மேல் மட்டும், ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலை வைத்து நடந்தேன். சைக்கிள் போன இடத்தில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதல்லவா. மேட்டிலிருந்து இறங்கும்போதும் அப்படியே இறங்கினேன். கீழே அவள் சவுக்கமிலைகளுக்கு மேல் சரிந்து கிடந்தாள். றொசாந்தி சைக்கிளைத் தூக்கிக் காலை எடுத்துவிட்டிருந்தாள். கீர்த்திகா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கால் வைக்கும் இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தூக்குக்கட்டுப் போட்டுப் பின்னேரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு கிழமை கையை அசைக்கக்கூடாது என்றார்கள். றொசாந்தி வீடுவரைக்கும் வந்து, அவளைக் கட்டிலில் இருத்தி, தலையணை வைத்துவிட்டுப் போனாள். வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம், சத்தம் தனக்கும் கேட்டது என்றும், நான் கிட்ட நின்றபடியால் நான் போயிருப்பேன் என்று நினைத்து, தான் முதலில் வரவில்லை என்றும் சொன்னாள். மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

நான் படிவத்தை எடுத்து, சித்தி என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கீர்த்திகாவிடம் கொடுத்தேன். அவள் அதைப் படிப்பிக்கிறவர்கள் விடைத்தாளைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தாள்.

"விழுந்தால் பெயில் தானே. உங்கடை சட்டம். வெட்டிப்போட்டு எழுதுங்கோ."

வெட்டி எழுதினேன்.

"எலும்பு பொருந்தினாப் பிறகு திரும்ப ஓடுவன். அண்டைக்கு என்னை றொசாந்தி சோதிக்கட்டும்."

சரி என்றேன். சோதிப்பவர் என்ற இடத்தில் என் பெயரை வெட்டி றொசாந்தியின் பெயரை எழுதினேன். அம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன், விழுந்தவர்களை அவசரப்பட்டு அசைக்கக்கூடாது என்று யோசித்தேன், இப்படிச் சொல்வதற்குப் பல விஷயங்களை ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கும்போதே அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன். பயந்துபோய் நின்றுவிட்டேன் என்று சொன்னேன். எங்கள் காணியைப் பற்றியும் சொன்னேன். அதுவரை நான் அவளுக்கு அந்தத் தடிகளைப் பற்றிச் சொன்னதில்லை.

அவள் முழுக்கக் கேட்டாள். அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"விளங்குது," என்றாள். "உங்களை மூண்டுதரம் கூப்பிட்டனான். நாலாந்தரம் அவளைக் கூப்பிட்டன்."

அந்த நாலாவது குரல் எனக்கும் கேட்டது. றொசாந்தி என்று அவள் கத்தியபோது, இனி நான் போகத் தேவையில்லை என்று எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.