ஒன்றாம் கிரேட்

பிரேமாவதி அலமாரியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணவர் காளிதாசனைக் கிடத்தியிருந்தார்கள். மகன் சிவநேசன் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் குளிப்பாட்டி உடுத்த வேண்டும். எந்தச் சட்டையும் அவளுக்குத் திருப்தியாக இல்லை.

“ஒன்னுதானே சொன்னாங்க? கிரேட் ஒன்னு,” என்றாள், காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. “நான்தான் டாக்டர கேக்காம பப்பாளி எல சாறு கொடுத்துக் கெடுத்துட்டேன்.”

மகள் நளினி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அப்பா கிரேடர். லாரியில் வரும் குலைகளைப் பழம், காய் என்று தரம் பிரிக்கிற வேலை. கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது, அது வழக்கமான புற்றுநோய் இல்லை, நியூரோஎண்டோகிரைன் வகை, கிரேட் ஒன்று என்றார்கள். நூறு செல்லில் இரண்டுதான் பெருகுகிறது, மெதுவாக வளரும் என்று அர்த்தம். மனிதருக்கு ஒரே பெருமை. “பாத்தீங்களா, வியாதிகூட நமக்கு மொத தரம்தான் லா!” என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வருடம் ஊசி போட்டுக்கொண்டே வேலைக்கும் போனார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஈரலுக்குப் பரவிய கட்டியில் சதை எடுத்துப் பார்த்த டாக்டர், நளினியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இப்போது நூற்றுக்கு நாற்பது. கிரேட் மூன்று. வெளியே வந்தவளிடம் அப்பா கேட்டார்.

“என்னம்மா, ஒன்னுதானே?”

“ஒன்னுதான்பா.”

வாய் தவறி வந்த மாதிரிதான் வந்தது. பிறகு அதைக் காப்பாற்ற ஒவ்வொரு வாரமும் ஒரு பொய். தம்பி வரட்டுமா என்று கேட்டபோதும், “கிரேட் ஒன்னுக்கு எதுக்கு லா லீவு? தீபாவளிக்கு வா, போதும்,” என்று அப்பா போனை வைத்துவிட்டார். பக்கத்தில் நின்று நளினி கேட்டுக்கொண்டிருந்தாள், பாவி.

“அம்மா, சாறு ஒன்னும் பண்ணல. அது மூணும்மா. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல.”

பிரேமாவதியின் கை நின்றது.

“அப்பாவுக்கு?”

“தெரியாது.”

“தம்பிக்கு?”

“அவனுக்கும் தெரியாது.”

அம்மா சட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “தெரிஞ்சிருந்தா புள்ளைய வரச் சொல்லியிருப்பாரு,” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நளினிக்கு.

வாசலில் கார் வந்து நின்றது.

“தம்பிகிட்ட நான் சொல்லிடறேன்மா.”

அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். “வேணாம். ஒன்னுன்னே இருக்கட்டும். எனக்கப்புறம் உனக்கு அவன் ஒருத்தன்தான்.”

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போனாள். அப்பாவின் காலடியில் விழுந்து அழுத சிவநேசனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா இது? ஒன்னுன்னுதானே சொன்னீங்க?”

“ஒன்னுதான்யா,” என்றாள் பிரேமாவதி. “அம்மாதான் சரியா பாத்துக்கல.”

நளினி அறை வாசலில் நின்றாள். தம்பி அம்மாவின் மடியிலிருந்து மெல்லத் தலையை எடுத்துக்கொண்டான்.