அடுத்த வீட்டு முனை

அப்பா மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாயில் டார்ச்லைட், கையில் மீட்டரின் இரண்டு முனைகள். மீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தது இதுதான்.

“எவ்வளவு காட்டுது?”

“அம்பது.”

“சரியா பாரு லா, புஷ்பா.”

“எத்தன தடவ பாத்தாலும் அம்பதுதான்ப்பா.”

இருபத்தைந்து காட்ட வேண்டுமாம். கம்ப்யூட்டர்களை இணைக்கும் அந்தக் கறுப்பு ஒயரின் இரண்டு கடைசியிலும் விரல்நுனி அளவில் ஓர் இரும்பு மூடி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ஓம் தடை. இரண்டும் இடத்தில் இருந்தால் மீட்டர் பாதியைக் காட்டும். ஒன்று கழன்றால் முழு ஐம்பதையும் காட்டும். அப்புறம் அந்த ஒயரில் எதுவும் உருப்படியாகப் போகாது. போன சேதி மூடியில்லாத முனையில் முட்டித் திரும்பி, பின்னால் வருகிற சேதியையும் கெடுத்துவிடும். அப்பா இதையெல்லாம் எனக்குப் பொறுமையாக விளக்கினார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தலைமை டெக்னீஷியன், மின்சாரம் ஓடுகிற எதையும் விளக்குவார். மனுஷர்கள் விஷயத்தில்தான் அவருக்கு ஒன்றும் ஓடாது.

எங்கள் பக்கத்து மூடி இடத்தில்தான் இருந்தது. மறுமுனை சுவருக்கு அந்தப் பக்கம், பிச்சைமுத்து மாமா வீட்டில். மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஜெலுத்தோங்கில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையதும் அவருடையதும் ஒரே சுவர். அப்பா புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை மாமாவுக்குக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து சுவரில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்தார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஒரே கட்சி. விறகு வெட்டி, கோட்டை கட்டி, எதிரி ஊரைக் கொளுத்துவார்கள். நடுநடுவே திரையின் அடியில் ஒரு வரி டைப் அடித்துப் பேசிக்கொள்வார்கள். பத்தடி தூரத்தில் இருக்கிற மனுஷனோடு டைப் அடித்துப் பேசுவதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை.

சில வாரங்களாக அது நின்றுபோயிருந்தது. அப்பா ஆட்டத்தைத் திறந்து காத்திருப்பார். ஆட வந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் மட்டும் தனியாக நிற்கும். ஒயர் மாட்டும் கார்டைக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கழற்றி வேறு இடத்தில் செருகினார். அதன் டிரைவர் புரோகிராமை அழித்து மறுபடி போட்டார். கொம்தார் கடைகளில் புது மூடி வாங்கி வந்து எங்கள் முனையில் மாட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டுக்குப் போய், “மச்சான், ஒன் பக்கம் கொஞ்சம் பாரு” என்று கேட்பதை மட்டும் செய்யவில்லை. மாமாவும் இப்போதெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவதில்லை. நான் கவனித்திருந்தேன். என் கவலை ஆட்டம் இல்லை. மணவறைக்கு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியது அவர்தான். காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்தேன். வயதுக்கு வந்தபோது முதல் சேலை அவர் கொண்டுவந்ததுதான். அந்தக் கை இல்லாமல் மணவறை ஏறுவதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

“எலி கடிச்சிருக்கும்,” என்றார் அப்பா, மேசைக்கு அடியிலிருந்தே. “சுவத்துக்குள்ள ஒயர் ரோசாக் ஆகி அறுந்தாலும் அம்பதுதான் காட்டும்.”

“மூடி தானா கழண்டிருந்தா?”

“தானா கழலாது. அமுக்கித் திருப்பி இழுக்கணும். எலிதான்.”

ஜெலுத்தோங்கில் எலி வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

அம்மா காப்பியோடு வந்தாள். கல்யாணத்துக்கு அழைக்க விடுபட்ட வீடுகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தவள் கேட்டாள்: “ஏங்க, தம்பிக்குக் கார்டு எப்ப குடுத்தீங்க? நான் இல்லாதப்பயா போனீங்க?”

“அவனுக்கு அப்பவே சொல்லியாச்சு.”

“எப்ப?”

“தேதி குறிச்ச வாரமே. வெளையாடும்போது.”

“வெளையாடும்போதுன்னா? அவன் இங்க வந்தானா?”

அப்பா டார்ச்சை அணைத்தார். “டைப் பண்ணேன். புஷ்பாவுக்குக் கல்யாணம், வந்துரு மச்சான்னு. அவனும் ஓகேன்னு போட்டான்.”

அம்மா காப்பியைக் கீழே வைத்த விதத்தில் பாதி தட்டில் கொட்டியது. பாகான் டாலாமில் அப்பாவுக்குப் பெயர்கூட ஞாபகமில்லாத ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா இருக்கிறார். அவருக்கு ஃபெரி ஏறிப்போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, இருவரும் நின்று அழைத்துவிட்டு வந்தார்கள். செபராங் ஜெயாவில் என் ஆபீஸ் மேனேஜர் கமாலுக்கும் தட்டோடுதான் போனார்கள். பாவம், வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“தாய்மாமன, ஒயர்லயா அழைச்சீங்க?” என்றாள் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“அவன் என்ன விருந்தாளியா, ருக்கு? நம்ம வீட்டு ஆளுக்குத் தட்டு என்னத்துக்கு?”

“நம்ம வீட்டு ஆளுக்குத்தாங்க மொதத் தட்டு.”

அப்பா எழுந்து, மீட்டரை என் கையிலிருந்து வாங்கி, பெட்டியில் வைத்து மூடினார். எனக்கு அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே பரிதாபமும் வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இவர் மாமாவை அவமதிக்க நினைக்கவே இல்லை. அவரோடு பேச இவருக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தத் திரைதான்.

மறுநாள் காலையில் தட்டோடு போனார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள், அடுத்த வீட்டுக்கு. கல்யாணப் பெண் அழைக்கப் போகக்கூடாது என்பதால் நான் எங்கள் கேட்டுக்குள்ளேயே நின்றேன். மாமாவின் மோட்டார் அவர் வாசலில் நின்றது. ஜன்னல் வழியாக வாள்கள் மோதும் சத்தம் கேட்டது. மாமா கம்ப்யூட்டரோடு தனியாக ஆடிக்கொண்டிருந்தார். மாமாவின் மனைவி நல்லம்மாள் அத்தைதான் வெளியே வந்தாள்.

“அவரு வெளிய போயிருக்காரு, அண்ணே,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே ஏதோ கோட்டை இடிந்தது. “அலமாக்!” என்று மாமாவின் குரல் கேட்டது. அத்தையின் முகம் செத்துப்போனது. அம்மா கேட்காத மாதிரி தட்டை நீட்டினாள். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.  அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு முறை “மச்சான்” என்று கூப்பிட்டிருக்கலாம். பத்தடி கூட இல்லை. கூப்பிடவில்லை.

அன்று மத்தியானமே அத்தை தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தட்டை வெறுமனே அனுப்பக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது வைத்து அனுப்ப வேண்டும். அத்தை ஒரு கிண்ணத்தில் சர்க்கரை வைத்திருந்தாள். அழைப்பிதழ் தட்டில் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும், “உள்ள வா, நல்லம்மா” என்று கையைப் பிடித்தாள். அத்தை வரவில்லை.

“அண்ணி, இதயும் குடுத்துடச் சொன்னாரு. அண்ணனோட சாமானாம்.” கிண்ணத்துக்குப் பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

கிண்ணத்தை ஒட்டி அந்தச் சின்ன இரும்பு மூடி கிடந்தது.

“என்னடி இது?” என்று அம்மா கேட்டாள். நான் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். எலி இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா சர்க்கரையை டின்னில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கழுவினாள், அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று. அப்பா மூடியில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சட்டையில் துடைத்தார். பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்து என்னிடம் கொடுத்தார். முனைகளை மூடியின் உள்ளேயும் வெளியேயும் வைத்து அழுத்தினார்.

“எவ்வளவு?”

“அம்பது.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா விறகு வெட்டிக்கொண்டிருந்தார். டொக், டொக் என்று ஒரே சீராகக் கேட்டது. அப்பா கம்ப்யூட்டரைப் போட்டு, ஆட்டத்தைத் திறந்தார். பட்டியலில் அவர் பெயர் வந்து தனியாக நின்றது. மூடியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். எங்கள் முனையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இதை மாட்டுவதற்கு எங்கள் வீட்டில் இடமே இல்லை.