விளக்கு அணைந்தால் ஓடு

"அண்ணி, உங்க லைட்டு மறுபடியும் புட்டுக்கிச்சு."

போனில் கொழுந்தனின் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

அவன் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். அவனைப் பிடித்துத்தான் அங்கே கம்ப்ரஸர் மேல் தன் கண்டுபிடிப்பை ஒட்டிவைத்திருந்தாள். பட்டுப் புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளாக்கிச் செய்த மெல்லிய படலம். மெஷினின் அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்துச் சின்ன விளக்கு ஒன்றை எரிக்கும், பேட்டரி வேண்டாம். ஐஸ் உறைய வைக்கும் அம்மோனியா என்ற நச்சு வாயு கசிந்தால் மின்சாரம் குறைந்து விளக்கு அணையும். மூன்று வருட உழைப்பு. இன்று மேனேஜர் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதச் சோதனை நடக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் தடவை, அழுக்காக இருக்கிறதென்று கொழுந்தன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவினான். அடுத்த தடவை, கடகடவென்று சத்தம் வருகிறதென்று அடியில் ஸ்பாஞ்சைச் சொருகி அதிர்வையே நிறுத்தினான்.

"இன்னைக்கு என்ன பண்ணித் தொலைச்சே?" நுழையும்போதே கேட்டாள்.

"சத்தியமா ஒண்ணும் பண்ணல அண்ணி. எரியுதான்னு நாலு தட்டு தட்டினேன், அவ்வளவுதான்."

மேனேஜர் சலித்துக்கொண்டார். "கழட்டிடலாமாம்மா? எரியாத விளக்குக்கு நாங்க காவல் காக்க முடியுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்பாஞ்ச் இல்லை. ஒயர் சரியாக இருந்தது. படலம் விரலடியில் நன்றாகவே அதிர்ந்தது. கோபத்தில் கவனிக்காத மூக்கு அப்போதுதான் சுருக்கென்று எரிந்தது.

"எப்ப அணைஞ்சது?"

"காலைல பத்து மணிக்கு."

"வாடை வரலையா உனக்கு?"

"இங்க எப்பவும் கொஞ்சம் அடிக்கும். பழகிப்போச்சு."

"அணைஞ்சா என்ன அர்த்தம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அணைஞ்சா லைட்டு கெட்டுப்போச்சுன்னுதானே அண்ணி? ஆபத்துன்னா எரியத்தானே செய்யும்? எல்லா மெஷின்லயும் அப்படித்தானே!"

"எல்லாரும் வெளிய போங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர்தான் முதலில் ஓடினார்.

முகமூடி மாட்டிக்கொண்டு போன கொழுந்தன், தளர்ந்திருந்த வால்வை இறுக்கினான். காற்றாடிகள் சுழன்று அறையைச் சுத்தமாக்கிய பிறகு விளக்கு மெல்ல எரிந்தது.

மேனேஜர் மலர்ந்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். "பார்த்தியாம்மா, ரிப்பேர் பண்ண உனக்கு அரை மணிகூட ஆகல. இதைக் காலையிலேயே வந்து செஞ்சிருக்கலாம்ல?"

அவர் மனம் மாறுவதற்குள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். மார்க்கரை எடுத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: விளக்கு அணைந்தால் ஓடு.

கொழுந்தன் தலையைச் சாய்த்து வாசித்தான்.

"எந்தப் பக்கம்னு போடலையே அண்ணி?"