வாயைத் திற, அண்ணா

1

இது கதையாகப் பிறக்கவில்லை, துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது. என் பல் டாக்டர் என்னை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கண்ணாடியையும் கொக்கியையும் விட்டபடி, "நீங்க எழுத்தாளராமே. ஈறு ஆபரேஷன் பத்தி பேஷண்டுங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார். நான் "ஆ" என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்னு ஆரம்பிங்க" என்றும் சொன்னார்.

முதல் முயற்சி: ஈறு அறுவை சிகிச்சை என்பது ஓர் எளிய— (அடித்துவிட்டேன். யாருக்கு எளிது?)

இரண்டாவது: பயப்பட வேண்டாம். (இதை எழுதியதும் எனக்கே பயம் வந்துவிட்டது.)

மூன்றாவது: பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அழுக்கு சேர்ந்து காரையாக இறுகும். ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல் ஆகும். பை ஆழமாகிவிட்டால் மேலே சுத்தம் செய்து பயனில்லை. ஈறைக் கீறி, ஒதுக்கி, வேரைச் சுரண்டி, மறுபடி தைக்க வேண்டும்.

டாக்டர் 'கீறி', 'சுரண்டி', 'தைக்க' ஆகிய சொற்களை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அழுக்கு மட்டும் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு கதைதான் எழுத முடியும்.

2

என் பல் டாக்டரைப் பெரிய டாக்டர் என்று அழைப்பார்கள். அப்படியானால் சின்ன டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். இருக்கிறாள், அவருடைய தங்கை. ஈறு வைத்தியத்துக்கென்றே மேல்படிப்பு படித்தவள். படிப்பு முடிந்ததும் அண்ணனின் கிளினிக்கில் சேர்ந்தாள். அண்ணன் அவளிடம் ஒப்படைத்தது பல் சுத்தம் செய்யும் வேலையும், நாற்காலியில் ஏற மறுக்கும் குழந்தைகளும்தான். ஆபரேஷன் எல்லாம் அவரே.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் அவள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். இது அண்ணனுக்கு அலுக்காத நகைச்சுவை. கல்யாண வீட்டில் சொன்னார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சொன்னார். ஒருநாள் நோயாளி வாயைத் திறந்து படுத்திருக்கும்போதே சொன்னார்: "இவ கையில கத்தியைக் குடுத்தா, நீங்க எழுந்து இவளைத் தாங்கிப் பிடிக்கணும்."

நோயாளி சிரித்தார். [வாய் நிறையப் பஞ்சு இருந்ததால், அது சிரிப்புதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.]

அவள் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அடுத்த தெருவில் சொந்தமாகக் கிளினிக் திறந்தாள். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படியும் ஓர் அண்ணனா, வாசகர் நம்புவாரா? வீட்டில் வாசித்துக் காட்டினேன். "இதுல கதை எங்க இருக்கு? எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே" என்றாள் மனைவி. தைரியமாக மேலே போகிறேன்.

3

பெரிய டாக்டருக்குப் பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம் கசிந்தது. பிரஷ்ஷை மாற்றினார். பேஸ்ட்டை மாற்றினார். கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்ததும் மாற்றுவதற்கு வேறொன்றும் இல்லாமல் போயிற்று. சிகரெட்டை மட்டும் மாற்றவில்லை. நோயாளிகளிடம் புகை கூடாது என்று கண்டித்துவிட்டு, கிளினிக்கின் பின்படிக்கட்டில் நின்று புகைப்பவர் அவர். புகைத்தால் ஆறவேண்டிய ஈறும் ஆறாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாருமில்லை.

நர்ஸ் சாப்பிடப் போன நேரத்தில் தன் பல்லைத் தானே எக்ஸ்ரே எடுத்தார். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். தனக்குத்தானே ஆபரேஷன் செய்துகொள்ள முடியாது. மற்ற டாக்டர்களிடம் போனால், பல் டாக்டர்கள் சங்கத் தலைவரின் பல்லே ஆடுகிறது என்ற செய்தி சங்கம் முழுக்கப் பரவும். யோசித்து யோசித்து, பெயரில்லாமல் அந்தப் படத்தைத் தங்கையின் போனுக்கு அனுப்பினார். "ஒரு பேஷண்ட். உன் அபிப்பிராயம் வேணும்."

பதில் உடனே வந்தது: "எலும்பு கரைஞ்சிருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணினா காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா பக்கத்துப் பல்லும் சேர்ந்து போகும். பேஷண்ட் சிகரெட்டை இன்னிக்கே விடணும். அண்ணிகிட்ட சொல்லிட்டு வா."

எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்த அந்தப் பல்லின் வெள்ளியை அடைத்தவளே அவள்தான். அவள் படிக்கும் காலத்தில், பயமில்லாமல் பழகட்டும் என்று தன் வாயைக் கொடுத்தவர் இதே அண்ணன். (இது தெரியவந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவரை முழுசாகத் திட்டலாம் என்று அப்போதுதான் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.)

அண்ணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரத்தம் வருதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"லேசாத்தான் வந்துச்சு."

"பேஷண்ட் இப்படிச் சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவர் சட்டையைத் தேடப் போய்விட்டார்.

4

தங்கையின் கிளினிக்கில் சாய்ந்த நாற்காலி. மேலே விளக்கு. எத்தனையோ பேரைப் படுக்கவைத்தவருக்கு, அந்த விளக்கு கீழேயிருந்து எப்படித் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"வலிக்குமா?" என்று கேட்டார். கேட்ட பிறகு தன் குரலா அது என்று வெட்கப்பட்டார்.

"ஊசி போடுறப்ப வலிக்கும்" என்றாள் தங்கை. "அப்புறம் மரத்துப் போயிடும். வலி இருக்காது, ஆனா இழுக்கிறது தெரியும், சுரண்டுற சத்தம் மண்டைக்குள்ள கேட்கும். வீட்டுக்குப் போனதும் கன்னம் வீங்கும். எச்சில்ல கொஞ்சம் ரத்தம் வரலாம். நிக்காம வந்தா உடனே கூப்பிடு. சூடா, கடினமா எதுவும் சாப்பிடாதே. தையல் போட்ட இடத்துல பிரஷ் படக்கூடாது. ஆறினப்புறம் ஈறு கொஞ்சம் இறங்கி, பல்லு நீளமாத் தெரியும். ஜில்லுன்னு குடிச்சா கூசும்."

"இவ்வளவையும் பேஷண்ட்டுகிட்ட சொல்லுவியா? ஓடிப்போயிட மாட்டாங்களா?"

"யாரும் ஓடல. வாயைத் திற, அண்ணா."

ஊசி ஏறியது. கத்தி பட்டது. ஈறு ஒதுங்கியது. கத்தி, சுரண்டி என்று ஒவ்வொன்றையும் ஓசையை வைத்தே அவர் அடையாளம் கண்டார். நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். ஓரிடத்தில் அவள் அளவுக்கு மேல் சுரண்டுவதாகத் தோன்றி, "ம்ம்" என்று ஆட்சேபித்தார். அவள் நிமிரவே இல்லை. அவராக இருந்தால் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு மூலைக்குள் அவள் கை போய்க்கொண்டிருந்தது. அது அவருக்குப் புரிந்தது. புரிந்ததுதான் ஊசியைவிட அதிகமாகக் குத்தியது.

இங்கே அவரை மயங்கி விழவைக்க என் கை அரித்தது. எழுதியும் பார்த்தேன்: டாக்டரின் கண்கள் மெல்லச் செருகின, நர்ஸ் ஓடிவந்து— (அடித்துவிட்டேன். அவர் மயங்கவில்லை. பயத்தோடு விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கினார். அவரைப் பற்றி நான் எழுதும் ஒரே பாராட்டு இது. வீணாக்க விருப்பமில்லை.)

தையல் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். உதடு மரத்துத் தொங்கியது. தங்கையைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். நர்ஸுக்கும் புரியவில்லை, கூட வந்திருந்த அண்ணிக்கும் புரியவில்லை.

"பேசாதே, தையல் பிரியும்" என்றாள் தங்கை.

சங்கத்தில் மணிக்கணக்காகப் பேசும் அந்த வாய் பிறகு வீட்டில் மூடியே கிடந்தது. அண்ணி கூழைக் கிண்ணத்தில் ஆறவைத்துக் கொடுத்துவிட்டு, இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

5

தையல் பிரிக்கும் நாள். முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

முதலாவதில் அவர் அழுது மன்னிப்புக் கேட்கிறார். கிழித்துவிட்டேன். ஓர் ஈறு ஆறும் நேரத்தில் ஒரு மனுஷன் மாறுவான் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவதில், "பரவாயில்ல, நான் சொல்லிக்குடுத்தது வீண் போகல" என்று மார்தட்டுகிறார். இதை நம்புவது சுலபம். அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவது, நடந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்தாள். ஈறு இளஞ்சிவப்பாகப் பல்லைப் பற்றியிருந்தது. "பல்லு நிக்கும். சிகரெட் பிடிச்சா நிக்காது" என்றாள். பிறகு, "இப்போ பேசலாம். அன்னிக்கு என்னவோ சொன்னியே, என்ன?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை அண்ணி என்னிடம் சொல்லிவிட்டாள். நான் எழுதப் போவதில்லை. நீங்கள் ஓர் அண்ணனாகவோ தங்கையாகவோ இருப்பீர்கள், இல்லாவிட்டால் அப்படி ஒரு ஜோடிக்கு நடுவில் மாட்டியிருப்பீர்கள். அந்த வாக்கியம் உங்களுக்கே தெரியும். இங்கே போட்டுக்கொள்ளுங்கள்:

[                    ]

எழுதும்முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அவள் கையில் கத்தரிக்கோல் இன்னும் இருக்கிறது.